நோட்டுப் புத்தக அளவில் ஒரு பேப்பர்

அண்ணன் பையனுக்குக் கம்போடியத் தலைநகர் புனோம் பென்னில் வேலை கிடைத்திருக்கிறது. நான் ஏழு வருடம் இருந்த அதே ஊர், அதே கார்மெண்ட்ஸ் வேலை. வாடகை எவ்வளவு வரும், விசாவை யார் பார்த்துக்கொள்வார்கள், நம்ம ஊர் அரிசி எங்கே கிடைக்கும் என்று எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு, போனை வைக்கும் நேரத்தில், "சித்தப்பா, அங்க இங்கிலீஷ் பேப்பர் எது நல்லா இருக்கும்?" என்றான். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. "எழுதி அனுப்பறேன்டா" என்று சொல்லிவிட்டேன். எழுத உட்கார்ந்தால் அவனுக்கு மட்டும் அனுப்பும் அளவில் அது நிற்கவில்லை, அதனால் இங்கேயே போடுகிறேன்.

நான் 2011-இல் போனேன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் க்யூசி பார்த்துக்கொண்டிருந்தவன், அங்கே ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பொறுப்பாளனாகச் சேர்ந்தேன். அந்தத் துறையில் மேற்பார்வை வேலைகளில் இருப்பவர்கள் பெரும்பாலும் வெளியாட்கள்தான்: சீனர்கள், இலங்கைக்காரர்கள், பிலிப்பைன்ஸ்காரர்கள், நாம். தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் கிராமங்களிலிருந்து வந்த கெமர் பெண்கள் (கம்போடியாவின் பெரும்பான்மை மக்கள் கெமர்கள், அவர்கள் மொழியும் கெமர்தான்). எங்கள் மெஸ்ஸில் ஆங்கிலப் பேப்பர் ஒன்று வரும். வரி விளம்பரத்தில் வீடு பார்ப்பதற்கும் கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பதற்கும் எடுப்பார்கள், அப்புறம் அது சாப்பாட்டு மேஜையில் விரிப்பாகிவிடும். வெளிநாட்டுக்காரர்களுக்கான பேப்பர் என்றால் அவ்வளவுதான் என்று நானும் முதல் ஒரு வருடம் நினைத்தேன். எந்த ஹோட்டலில் ஞாயிற்றுக்கிழமை பஃபே, எந்தத் தூதரகத்தில் விருந்து, எந்த அபார்ட்மெண்டில் நீச்சல்குளம். உலகத்தில் பல ஊர்களில் அந்த வகைப் பேப்பர் அதற்கு மேல் எதுவும் செய்வதில்லை.

புனோம் பென்னில் அப்படி இல்லாத இரண்டு பேப்பர்கள் இருந்தன. உள்நாட்டுப் போரை முடிக்கப் போட்ட 1991 பாரிஸ் ஒப்பந்தத்துக்குப் பிறகு ஐநா படைகளும் அதிகாரிகளும் வந்து இறங்கிய காலத்தில் பிறந்தவை இரண்டும். முதலில் வந்தது 'புனோம் பென் போஸ்ட்'. 1992 ஜூலையில் மைக்கேல் ஹேஸ், கேத்லீன் ஓகீஃப் என்ற அமெரிக்கத் தம்பதி சொந்தப் பணத்தில் தொடங்கி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொண்டுவந்தார்கள். ஆஸ்திரேலியச் சுரங்கத் தொழிலதிபர் பில் கிளஃப் கைக்குப் போன பிறகு, 2008-இல்தான் அது நாளிதழானது. இன்னொன்று 'தி கம்போடியா டெய்லி'. 1993 ஆகஸ்டில் பெர்னார்ட் கிரிஷர் தொடங்கியது. அவர் சின்ன வயதில் நாஜி ஜெர்மனியிலிருந்து குடும்பத்தோடு தப்பி அமெரிக்கா போனவர், பிறகு நியூஸ்வீக்கின் டோக்கியோ அலுவலகத் தலைவராக இருந்தவர், மன்னர் சிஹானூக்குக்கு நண்பர். டெய்லியை வைத்துச் சம்பாதிக்க வேண்டும் என்ற எண்ணமே அவருக்கு இருக்கவில்லை. 1970-களில் நாட்டைப் பிடித்து ஆண்ட போல் பாட் காலத்தில் படித்தவர்கள் கொல்லப்பட்டும் தப்பி ஓடியும் போன ஒரு நாட்டில் செய்தியாளர்களை முதலிலிருந்து உருவாக்க வேண்டும் என்பதுதான் எண்ணம். அளவில் சின்னப் பேப்பர், நம்ம நீள நோட்டுப் புத்தகம் அளவுக்குத்தான் இருக்கும். மேலே 'அச்சமும் சலுகையும் இல்லாமல் எல்லாச் செய்தியும்' என்ற பொருளில் ஒரு வரி. பேப்பர்கள் தலையில் போட்டுக்கொள்ளும் வரிகளை நான் பொதுவாக நம்புவதில்லை. இந்த வரியை நம்ப எனக்கு ஒரு சம்பவம் தேவைப்பட்டது.

ஒரு பேப்பர் நல்லதா என்று கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்து ஒரே வழிதான். உனக்கு உள்ளும் புறமும் தெரிந்த ஒரு விஷயத்தை அது எப்படி எழுதியிருக்கிறது என்று பார். நீ நின்ற இடத்தில் நடந்ததை, உனக்குத் தெரிந்த ஆட்களைப் பற்றி எழுதியதை எடுத்து வரி வரியாகப் பார். அதில் தேறினால் உனக்குத் தெரியாத மற்ற செய்திகளிலும் அதை ஓரளவு நம்பலாம்.

அந்த வருடங்களில் கம்போடியத் தொழிற்சாலைகளில் கூட்டம் கூட்டமாகப் பெண்கள் மயங்கி விழுந்துகொண்டிருந்தார்கள். 2011-லிருந்தே அது பெரிய செய்தி. எங்கள் தொழிற்சாலையிலும் ஒரு நாள் நடந்தது. காலை பத்து மணி வாக்கில் ஒரு லைனில் ஒரு பெண் சரிந்தாள், அவளைத் தூக்கப் போனவள் சரிந்தாள், பத்து நிமிடத்தில் அந்தப் பக்கம் முழுக்க அழுகையும் ஓட்டமும். முந்தின நாள் இரவு ஓவர்டைம், பாதிப் பேர் காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்திருந்தார்கள், தகரக் கூரைக்குக் கீழே வெக்கை, கறை எடுக்கிற ஸ்ப்ரே வாடை வேறு. நிர்வாகத்தின் அறிக்கை மதியத்துக்குள் தயாரானது: யாரோ ஒருவர் பேய் என்று கத்தியதால் பயந்துவிட்டார்கள், காற்றோட்டத்தில் குறை இல்லை, எல்லோரும் நலம். மறுநாள் ஓர் ஆங்கிலப் பேப்பரில் அந்த அறிக்கை ஒரு எழுத்து மாறாமல் செய்தியாக வந்திருந்தது. டெய்லியில் வந்ததைப் படித்தபோது எனக்குக் கை வியர்த்தது. அவர்களுடைய கெமர் செய்தியாளர் ஒருவர் கேட்டுக்கு வெளியே நிற்காமல் மருத்துவமனைக்கே போயிருக்கிறார். படுத்திருந்த பெண்களிடம் முந்தின இரவு எத்தனை மணிக்கு விட்டார்கள், என்ன சாப்பிட்டாய், எந்தப் பக்கம் ஃபேன் ஓடவில்லை என்று கேட்டிருக்கிறார். ஃபேன் ஓடாத பக்கம் எது என்று எங்கள் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அது சரியாக இருந்தது. நிர்வாகம் சொன்னதும் நியாயமாக, திரிக்காமல், உரிய இடத்தில் இருந்தது. தொழிற்சங்கம் சொன்ன ஆள் எண்ணிக்கையையும் மருத்துவமனை சொன்ன எண்ணிக்கையையும் தனித்தனியாகக் கொடுத்து, இரண்டும் பொருந்தவில்லை என்றும் எழுதியிருந்தார்கள். ஒரு பெரிய சொல் கிடையாது, கொடுமை, சுரண்டல் என்று எதுவும் இல்லை. அடுத்த வாரம் அந்தப் பக்கத்து ஃபேன்கள் ஓடின.

அன்றிலிருந்து தினமும் வாங்கினேன்.

2014 ஜனவரி 3-ஐப் பற்றியும் சொல்ல வேண்டும். 2013 டிசம்பர் கடைசியில் தையல் தொழிலாளர்களுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 95 டாலர் என்று அரசு அறிவித்தது. அதற்கு முன் 80. சங்கங்கள் கேட்டது 160. வேலைநிறுத்தம் நாடு முழுக்கப் பரவியது, அரசு 100 வரை ஏறி வந்தது, அதற்கு மேல் நகரவில்லை. ஜூலையில் நடந்த தேர்தலில் மோசடி என்று எதிர்க்கட்சி ஏற்கெனவே தெருவில் இருந்த நேரம் அது. ஜனவரி 3 காலை வெங் ஸ்ரெங் சாலையில் காவல் படையினர் கூட்டத்தைப் பார்த்துச் சுட்டார்கள். குறைந்தது நான்கு பேர் செத்தார்கள், பல பேருக்குக் குண்டுக் காயம். 16 வயதுப் பையன் ஒருவன், தொழிற்சாலையில் வேலை பார்த்தவன், அன்றிலிருந்து காணவில்லை.

எங்கள் லைனில் சூப்பர்வைசராக இருந்த ஒரு அக்கா உண்டு. கெமரில் வயதில் மூத்தவர்களை, ஆணோ பெண்ணோ, 'போங்' என்று கூப்பிடுவார்கள், நானும் அவரை அப்படித்தான் கூப்பிட்டேன். அவருடைய தங்கை அந்தச் சாலையில்தான் வாடகை அறையில் இருந்தாள். நல்லபடியாகத் தப்பினாள், ஆனால் இரண்டு நாள் பேச்சே வரவில்லை. தொலைக்காட்சி முழுக்க அரசுக்கு வேண்டியவர்கள் கையில், அதில் வந்ததெல்லாம் கல்லெறிந்த கலகக்காரர்கள் கதை. தொழிற்சாலை மறுபடி திறந்த அன்று போங் என்னிடம் வந்து, என் கையில் இருந்த டெய்லியைக் காட்டி, இதில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. சில செய்திகளை டெய்லி கெமரிலும் போடும், அன்றைக்கு அவர் கேட்டது அதில் இல்லை. என்னுடைய கெமர் தொழிற்சாலைக் கெமர்: "இது சரியில்லை, பிரித்துத் தை, சீக்கிரம்" என்கிற அளவுக்குத்தான். அதை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். எத்தனை மணிக்கு எந்தப் பக்கமிருந்து வந்தார்கள், எந்த மருத்துவமனையில் யாரைச் சேர்க்க மறுத்தார்கள், செத்தவர்கள் எந்த மாகாணம், எந்தத் தொழிற்சாலை. போங் நடுவில் ஒன்றும் பேசவில்லை. முடித்ததும், "இது எல்லாம் சரி" என்றார். தங்கை சொன்னதோடு ஒத்துப்போகிறது என்று அர்த்தம். ஒரு தமிழன் அரைகுறைக் கெமரில், அமெரிக்கர் ஒருவர் தொடங்கிய ஆங்கிலப் பேப்பரை, அந்த நாட்டுப் பெண்ணுக்கு, அவள் தங்கை வீட்டு வாசலில் நடந்ததைப் பற்றிப் படித்துச் சொல்ல வேண்டியிருந்தது. அந்த நிலைமை எனக்கு இன்றைக்கும் சங்கடமாக இருக்கிறது. ஆனால் அந்தப் பேப்பர் இல்லாமல் இருந்திருந்தால் படித்துச் சொல்லவே ஒன்றும் இருந்திருக்காது.

ஆங்கிலப் பேப்பரை மட்டும் ஏன் விட்டுவைத்தார்கள் என்று நீ கேட்பாய். ஏனென்றால் அது போங்குக்குப் புரியாது. ஹுன் சென் 1985-லிருந்து 2023 வரை பிரதமராக இருந்தவர், எதைத் தொட வேண்டும் எதைத் தொட வேண்டாம் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். கிராமத்துக்குப் போவது ரேடியோவும் டிவியும். ஆங்கிலத்தில் எழுதுவதைத் தூதரகக்காரர்களும் என்ஜிஓ என்கிற தொண்டு நிறுவனக்காரர்களும் துணி வாங்கும் வெளிநாட்டு பையர்களும் படிப்பார்கள், அவர்களிடம் எங்கள் நாட்டில் பத்திரிகைச் சுதந்திரம் இருக்கிறது பாருங்கள் என்று காட்டவும் அது உதவும். வெளிநாட்டு நிதியை நம்பி ஓடிய நாட்டுக்கு அந்தச் சாட்சி தேவைப்பட்டது. இப்படி விட்டுவைத்த இடைவெளியில்தான் இரண்டு பேப்பர்களும் இருபது வருடத்துக்கு மேல் உயிரோடு இருந்தன. அந்த இடைவெளியைச் சுதந்திரம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அதை அவர்கள் வீணாக்கவும் இல்லை. ஆங்கிலத்தில் இன்று வந்தது நாளை கெமர் ரேடியோவில் வரும், ஃபேஸ்புக் பரவிய பிறகு அன்று மாலையே வரும். அப்படி வரத் தொடங்கியதும்தான் அந்த இடைவெளி மூடத் தொடங்கியது என்று நினைக்கிறேன்.

அந்த வேலையின் விலை என்ன என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 2012 ஏப்ரலில் கோ காங் மாகாணக் காட்டில் திருட்டு மரவெட்டைக் காட்டித்தர சுட் வுட்டி என்ற சூழலியலாளர் டெய்லியின் இரண்டு பெண் செய்தியாளர்களைக் கூட்டிக்கொண்டு போனார். ஒருவர் கம்போடியர், ஒருவர் வெளிநாட்டவர். அவர்கள் அங்கே இருக்கும்போதே அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அந்த இரண்டு பேரும் திரும்பி வந்து எழுதினார்கள். அதற்குப் பிறகும் டெய்லியும் போஸ்ட்டும் மரக் கடத்தலை விடவே இல்லை.

அரசாங்கத்தை எதிர்ப்பது மட்டும் ஒரு பேப்பரைச் சுதந்திரமானதாக ஆக்கிவிடாது. வெளிநாட்டுக்காரர்கள் பேப்பருக்கு உண்மையான சோதனை வேறு இடத்தில் இருக்கிறது. தன்னைக் காசு கொடுத்து வாங்குகிற வெளிநாட்டுக்காரர்களையே அது கேள்வி கேட்குமா? புனோம் பென்னில் என்ஜிஓக்கள் ஒரு தனி உலகம், சந்தாதாரர்களும் அவர்கள்தான், வேலைவாய்ப்பு விளம்பரம் கொடுப்பவர்களும் அவர்கள்தான். அந்த உலகத்தின் நட்சத்திரம் சோமாலி மாம். பாலியல் கடத்தலிலிருந்து சிறுமிகளை மீட்பவர் என்று உலகம் முழுக்கப் புகழ், ஹாலிவுட் நடிகைகளின் ஆதரவு, கோடிக்கணக்கில் நன்கொடை. அவரும் அவர் அமைப்பும் முன்னிறுத்திய பெண்கள் சிலரும் சொன்ன கதைகள் பொருந்தவில்லை என்று 2012-லிருந்து சைமன் மார்க்ஸ் என்ற செய்தியாளர் டெய்லியில் எழுதினார். கிராமம் கிராமமாகப் போய்ப் பள்ளி ஆசிரியர்களையும் அக்கம்பக்கத்தாரையும் விசாரித்து எழுதியது. சோமாலி மாம் மறுத்தார். 2014 மே மாதம் அவருடைய அறக்கட்டளையே நியமித்த வழக்கறிஞர் குழுவின் விசாரணைக்குப் பிறகு பதவியிலிருந்து விலகினார். அந்தச் செய்திகளைப் போட்டபோது எத்தனை பேர் சந்தாவை நிறுத்துவார்கள் என்று அந்த ஆபீஸில் யாராவது கணக்குப் போட்டிருப்பார்கள். போட்டும் வெளியிட்டார்கள்.

குறைகள் இல்லையா, இருந்தன. கல்லூரி முடித்த அமெரிக்கப் பிள்ளைகளும் பிரிட்டிஷ் பிள்ளைகளும் வந்து ஒன்றிரண்டு வருடம் எழுதிப் பெயர் வாங்கிக்கொண்டு பெரிய நிறுவனங்களுக்குப் போய்விடுவார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு மொழி தெரியாது, ஊர் தெரியாது, கூட ஒரு கெமர் செய்தியாளர் இல்லாமல் ஒரு அடி எடுத்து வைக்க முடியாது. செய்திக்கு மேலே இரண்டு பெயர் இருக்கும், ஒன்று கெமர், ஒன்று வெள்ளைக்காரப் பெயர். அந்தக் கெமர் பெயர் இருபது வருடமாக அங்கேயே இருக்கும், மிரட்டல் வந்தால் விமானம் ஏறிப் போக அவருக்கு வேறு ஊர் கிடையாது. ஆசிரியர் நாற்காலியில் நீண்ட காலம் உட்கார்ந்தது வெளிநாட்டுக்காரர்கள்தான். இது எனக்கு உறுத்தும். இன்னொன்று, தொழிற்சாலை நடத்துபவர்கள் பக்கத்தை, ஆர்டர் தாமதமானால் பையர் விமானச் சரக்குச் செலவை நம் தலையில் கட்டுகிற கொடுமையை எல்லாம், அவர்கள் போதுமான அளவு புரிந்துகொள்ளவில்லை. சம்பளத்தைப் பற்றி எழுதிய அளவுக்கு, அந்தச் சம்பளத்தைக் கீழே அழுத்தும் ஐரோப்பிய, அமெரிக்க பிராண்டுகளின் பீஸ் விலையைப் பற்றி எழுதியதில்லை. திருப்பூர்க்காரனுக்கு இது உடனே தெரியும்.

இதே வகையில் உலகம் முழுக்கப் பேர் எடுத்த ஒரு பேப்பர் அர்ஜென்டினாவில் இருந்தது. 'புவனோஸ் ஐரிஸ் ஹெரால்டு', 1876-இல் அங்கே குடியேறிய பிரிட்டிஷ்காரர்களுக்காகத் தொடங்கியது. கப்பல் வருகையும் கம்பளி விலையும் போட்டுக்கொண்டிருந்த பேப்பர். 1976-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்து ஆட்களைத் தூக்கிக்கொண்டு போய்க் காணாமல் ஆக்கத் தொடங்கியபோது, பெரிய ஸ்பானிஷ் பேப்பர்கள் பெரும்பாலும் வாய் மூடிக்கொண்டன. ஹெரால்டின் ஆசிரியர் ராபர்ட் காக்ஸ் காணாமல் போனவர்களின் பெயர்களைப் போட்டார். அவர் கண்டுபிடித்த வழி எளிமையானது: நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டுவிட்டு அந்தத் தாளோடு வாருங்கள், அது நீதிமன்ற ஆவணம், அதைச் செய்தியாகப் போடுகிறேன். ஸ்பானிஷ் மட்டுமே தெரிந்த அம்மாக்கள் ஒரு ஆங்கிலப் பேப்பர் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார்கள். அவரையும் பிடித்துப் போனார்கள், விட்டார்கள், பிறகு அவர் மகனைக் குறிவைத்து மிரட்டல் வந்ததும் 1979 கடைசியில் குடும்பத்தோடு நாட்டை விட்டுப் போனார். அங்கேயும் கதை இதேதான்: படிப்பவர்கள் கொஞ்சம் பேர் என்பதால் விட்டுவைத்தார்கள். அப்போது பேப்பரின் பெரும்பங்கு அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரத்துப் பத்திரிகை நிறுவனம் ஒன்றிடம் இருந்தது. முதலாளி ராணுவத் தளபதிகளிடம் கைகட்டி நிற்க வேண்டியவர் இல்லை என்பதும் ஒரு பாதுகாப்பு. அந்த ஹெரால்டு 2017 ஜூலை கடைசியில் அச்சை நிறுத்தியது. ஐந்து வாரம் கழித்து டெய்லி.

டெய்லியை மூடியது வரி. 2017 ஆகஸ்டில் 63 லட்சம் டாலர் வரி பாக்கி, செப்டம்பர் 4-க்குள் கட்ட வேண்டும் என்று நோட்டீஸ். கட்டாவிட்டால் மூட்டை கட்டிக்கொண்டு போகட்டும் என்று பிரதமரே மேடையில் சொன்னார். வரி கட்ட வேண்டியதுதான், பேப்பர் என்பதால் யாருக்கும் விலக்கு கிடையாது, கிரிஷர் அந்த விஷயத்தில் கணக்கு வழக்கை ஒழுங்காக வைத்திருந்தாரா என்ற கேள்வியும் நியாயம்தான். ஆனால் லாபமே பார்க்காத ஒரு சின்னப் பேப்பருக்கு, முறையாகக் கணக்குகளைப் பார்க்காமல், ஒரே மாதக் கெடுவில் அந்தத் தொகை என்பது வரி வசூல் இல்லை. அதே ஆகஸ்டில் வெளிநாட்டு நிலையங்களின் கெமர் நிகழ்ச்சிகளை ஒலிபரப்பிய பல எஃப்எம் ரேடியோக்களையும் மூடினார்கள். அடுத்த வருடம் பொதுத் தேர்தல். ஜூன் மாத உள்ளாட்சித் தேர்தலில் எதிர்க்கட்சி நாற்பது சதவீதத்துக்கு மேல் வாங்கியிருந்தது. இதையெல்லாம் சேர்த்து வைத்துப் பார்த்தால் போதும்.

கடைசி இரவு, செப்டம்பர் 3 விடிவதற்கு முன்னால், எதிர்க்கட்சித் தலைவர் கெம் சோகாவை வீட்டில் வைத்துக் கைது செய்தார்கள். மறுநாள் மூடப்போகிற பேப்பரில் அன்றைக்கு எல்லோரும் ஓடி ஓடி வேலை பார்த்திருக்கிறார்கள். திங்கட்கிழமை காலை வந்த இதழின் முதல் பக்கத்தில் அவரைக் கூட்டிக்கொண்டு போகும் படம், மேலே 'அப்பட்டமான சர்வாதிகாரத்துக்குள் இறக்கம்' என்ற பொருளில் தலைப்பு. நான் அன்று மூன்று பிரதி வாங்கினேன். ஒன்று என்னிடம் இருக்கிறது, ஒன்றைப் போங்கிடம் கொடுத்தேன், வாங்கி நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். நவம்பரில் நீதிமன்றம் எதிர்க்கட்சியைக் கலைத்தது. 2018 ஜூலைத் தேர்தலில் ஆளுங்கட்சி 125 இடங்களில் 125-ஐயும் வாங்கியது.

போஸ்ட் இருக்கிறதே என்று நாங்கள் சொல்லிக்கொண்டோம். அது எட்டு மாதம்தான். 2018 மே மாதம் போஸ்ட் விற்கப்பட்டது. அதற்கும் பெரிய வரி நோட்டீஸ் ஒன்று இருந்தது, விற்பனையோடு அது தீர்ந்தது. வாங்கியவர் மலேசியாவைச் சேர்ந்த சிவகுமார் கணபதி, ஒரு மக்கள் தொடர்பு நிறுவனத்தின் தலைவர். அந்தப் பெயரைப் படித்தபோது எனக்கு வயிற்றில் ஏதோ செய்தது. நம் பெயர். போஸ்ட்டின் செய்தியாளர்கள் தங்கள் புது முதலாளியைப் பற்றியே விசாரித்து, அவருடைய நிறுவனம் தன் பழைய வேலைகளின் பட்டியலில் ஹுன் சென் ஆட்சிக்கு வந்ததையும் சேர்த்திருக்கிறது என்று தங்கள் பேப்பரிலேயே எழுதினார்கள். அந்தச் செய்தியை எடுக்கச் சொன்னது புது நிர்வாகம், ஆசிரியர் காய் கிம்சோங் வேலையை விட்டு நீக்கப்பட்டார், எடுக்க மறுத்த ஆசிரியர் குழுவினரும் செய்தியாளர்களும் ஒருவர் பின் ஒருவராக ராஜினாமா செய்தார்கள். அந்த வாரம் எங்கள் மெஸ்ஸில், "நம்மாளு ஒருத்தர் பேப்பர் வாங்கியிருக்காராமே, நல்ல விஷயம்தானே" என்று ஒருவர் சொன்னார். எனக்கு வந்த கோபத்தில் சாப்பிடாமல் எழுந்துவிட்டேன். யார் வாங்கினார் என்பதில் நமக்குப் பெருமை என்ன வேண்டியிருக்கிறது, என்ன வாங்கி அதை என்ன செய்தார் என்பதைத்தான் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு வந்த போஸ்ட்டை நான் ஊர் திரும்பும்வரை படித்தேன். தாள் அதேதான், எழுத்துரு அதேதான். அமைச்சர் சொன்னார், அமைச்சகம் சொன்னது, தூதர் வாழ்த்தினார். மருத்துவமனைக்குப் போய் எந்தப் பக்கம் ஃபேன் ஓடவில்லை என்று கேட்கும் ஆள் அதில் இல்லை. 2024 மார்ச் கடைசியில் அச்சும் நின்றுவிட்டது.

எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன், வேறு எப்படி இருந்திருந்தால் இவை தப்பித்திருக்கும் என்று. டெய்லி ஒரே மனிதரின் பிடிவாதத்தில் நின்றது. அவர் கிழவரானதும், பொறுப்பு மகள் கைக்கு வந்ததும், தாங்க வேறு தூண் இல்லை. போஸ்ட் ஒரு பணக்காரரின் பொறுமையில் நின்றது, அவருக்கு வேறு நாட்டில் வேறு தொழில், ஒரு கட்டத்தில் போதும் என்று தோன்றிவிட்டது. விளம்பரத்தை நம்பியிருந்தால் வங்கிகளும் அடுக்குமாடி கட்டுபவர்களும் வாயைக் கட்டியிருப்பார்கள், அந்த ஊரில் அடுக்குமாடி கட்டுபவர்கள் எல்லோருக்கும் மேலே ஆள் உண்டு. படிக்கிறவர்கள் காசிலேயே நடத்தலாம் என்றால், படிக்கிறவர்களில் பாதிப் பேர் இரண்டு வருடத்தில் வேறு நாட்டுக்கு மாற்றலாகிப் போகிறவர்கள். இன்னொன்றும் இருக்கிறது, சொல்ல எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. டெய்லிக்கு நோட்டீஸ் வந்த அந்த மாதத்தில், அந்த நகரத்தில் இருந்த ஆயிரக்கணக்கான வெளிநாட்டு மேலாளர்களில், ஆசியக்காரர்களில், நான் உட்பட, ஒருவரும் ஒரு கடிதம்கூட எழுதவில்லை. விசா நம் கழுத்தில் இருந்தது. தூதரகங்கள் வருத்தம் தெரிவித்தன.

பேப்பர்தான் போனது, அதில் வேலை கற்றவர்கள் போகவில்லை. டெய்லியிலும் போஸ்ட்டிலும் வளர்ந்த கெமர் செய்தியாளர்கள் பலர் வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்களுக்கு எழுதினார்கள், சிலர் நாட்டை விட்டுப் போக வேண்டி வந்தது, சிலர் விஓடி என்ற கெமர் ஊடகத்தில் சேர்ந்தார்கள். போங் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனில் கேட்டுவந்தது அதைத்தான். 2023 பிப்ரவரியில் ஹுன் சென் அதன் உரிமத்தையும் ரத்து செய்தார், துருக்கி நிலநடுக்க உதவி தொடர்பாக அவர் மகன் ஹுன் மானெட் பற்றி வந்த ஒரு செய்திக்காக. அதே வருடம் ஆகஸ்டில் மகன் பிரதமரானார்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். கடையில் 'கெமர் டைம்ஸ்' கிடைக்கும், அதையும் 2014-இல் தொடங்கியவர் மலேசியக்காரர்தான். அரசு என்ன நினைக்கிறது என்று தெரிந்துகொள்ள அதைப் படி, அந்த அளவுக்கு அது பயன்படும். விடுமுறை அறிவிப்பு, விசா விதி, குறைந்தபட்சச் சம்பளம் எல்லாம் அதில் சரியாக வரும். சம்பளம் இப்போது 200 டாலரைத் தாண்டிவிட்டது, போனதும் முதலில் அதைத்தான் உன்னிடம் சொல்வார்கள். ஆனால் தினமும் போனில் 'கம்போஜா' செய்தித் தளத்தைத் திற. கம்போடியச் செய்தியாளர்கள் சங்கமாகச் சேர்ந்து 2019-இல் தொடங்கிய அமைப்பினுடையது, கெமரிலும் ஆங்கிலத்திலும் எழுதுகிறார்கள். பெரிய ஆபீஸ் இல்லை, அச்சு இல்லை, முதல் பக்கம் என்று ஒன்று இல்லை. செய்திக்கு மேலே இருக்கிற பெயர்கள் பெரும்பாலும் கெமர்ப் பெயர்கள், அதை முதலில் கவனித்தபோது எனக்குக் கண் கலங்கியது. நீ சேரப்போகிற தொழிற்சாலையைப் பற்றி அதில் என்றைக்காவது ஒரு செய்தி வரும். அன்றைக்கு வரி வரியாகப் படித்துப் பார்த்து, சரியாக எழுதியிருக்கிறார்களா என்று எனக்குச் சொல்.

அப்புறம், போங்கின் நம்பர் அனுப்பியிருக்கிறேன். தொழிற்சாலையை விட்டுவிட்டு இப்போது சந்தைக்குப் பக்கத்தில் நூடுல்ஸ் கடை வைத்திருக்கிறார். போய்ப் பார். நான் பெட்டியில் வைத்திருக்கிற அந்தப் பேப்பரின் இன்னொரு பிரதி அவரிடம் இருக்கிறதா என்று கேள்.